பட்டாவில் ஒரு கணக்கு, பத்திரத்தில் ஒரு கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

நிலம், பிறப்பு–இறப்பு, தகவல் உரிமை தொடர்பான அரசுப் பதிவேடுகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

தாத்தா 31 சென்ட் புன்செய் வாங்கிய பத்திரம் என்னிடம் இருக்கிறது. இணையத்தில் பட்டா எடுத்தால் பரப்பு 0 – 12.50 என்று வருகிறது. பாதிக்கு மேல் நிலம் குறைந்துவிட்டதா? யாரிடம் முறையிடுவது?
– மணப்பாறை வாசகர்

நிலம் குறையவில்லை, அளவு முறைதான் வேறு. பட்டாவில் பரப்பு ஹெக்டேர் – ஏர் கணக்கில் இருக்கும். கோட்டுக்கு இடப்பக்கம் உள்ள 0 ஹெக்டேர். வலப்பக்கம் உள்ள 12.50 ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.471 சென்ட். 12.50 ஐ 2.471 ஆல் பெருக்கினால் 30.89 சென்ட் வருகிறது. 31 சென்ட்டுக்கு 0.11 சென்ட்தான் குறைவு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால், இது சுமார் 48 சதுர அடி. ஏக்கர் – சென்ட்டில் இருந்த பழைய கணக்குகள் மெட்ரிக் அளவுக்கு மாறியபோது இத்தகைய சிறு வித்தியாசம் பரவலாக ஏற்பட்டது. கிராமப் பட்டாக்களில் ஏர் கணக்கு பெரும்பாலும் .00 அல்லது .50 என்றே முடிவதைக் கவனித்திருப்பீர்கள்.

வித்தியாசம் மூன்று, நான்கு சென்ட் என்று போனால்தான் தோண்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பட்டா போதாது, ‘அ’ பதிவேடு தேவை. வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே இலவசமாகப் பார்க்கலாம். பட்டா ஒருவருடைய நிலங்களை மட்டும் காட்டும். ‘அ’ பதிவேடு ஒரு புல எண்ணின் (சர்வே எண்ணின்) எல்லா உட்பிரிவுகளையும், ஒவ்வொன்றின் பரப்பு, தீர்வை (நிலவரி), பட்டா எண்ணோடு காட்டும். உங்கள் புல எண் 45/2 என்றால் 45/1, 45/2, 45/3 என எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பைக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையைப் பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டில் 45ஆம் புலத்துக்கு உள்ள மொத்தப் பரப்போடு ஒப்பிடுங்கள். மொத்தம் பொருந்தி, உங்களுடையது குறைந்து பக்கத்து உட்பிரிவு கூடியிருந்தால், 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். (நில உடைமைப் பதிவு மேம்பாடு) பணியில் உங்கள் பகுதி அடுத்தவர் பெயரில் ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. மொத்தமே குறைந்திருந்தால், சாலைக்கோ வாய்க்காலுக்கோ ஒரு பகுதி எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

பெயரில் எழுத்துப் பிழை மட்டும் என்றால் தாசில்தார் மட்டத்தில் சரியாகும். யு.டி.ஆரில் ஆளே மாறியிருந்தால் மனு கோட்டாட்சியரிடமோ மாவட்ட வருவாய் அலுவலரிடமோ போகும். மனுவோடு தாத்தாவின் பத்திரம், யு.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டு நகல், தற்போதைய ‘அ’ பதிவேடு ஆகிய மூன்றையும் இணையுங்கள். பழைய பதிவேட்டு நகல் இல்லாமல் போகும் மனுக்கள்தான் பெரும்பாலும் முதல் விசாரணையிலேயே நிற்கின்றன.

பட்டா தீர்வை வசூலுக்காக எழுதப்பட்ட கணக்கு. அனுபவத்துக்கு நல்ல சான்று. ஆனால் நிலம் உங்களுக்கு எப்படி வந்தது என்பதைப் பத்திரம்தான் சொல்லும். அந்த 31 சென்ட் பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள்.

வீடு வாங்கப் போகிறோம். இசி (வில்லங்கச் சான்று) எடுத்ததில் ‘வில்லங்கம் இல்லை’ என்று வந்துவிட்டது. வங்கி வழக்கறிஞரோ இன்னும் மூன்று இசி கேட்கிறார். இது வீண் அலைச்சல்தானே?
– திண்டுக்கல் வாசகி

வீண் இல்லை. அவர் உங்கள் பணத்தைக் காப்பாற்றுகிறார்.

வில்லங்கச் சான்று நீங்கள் கொடுத்த கிராமம், புல எண், காலம் ஆகிய மூன்றுக்கும் உட்பட்டு மட்டுமே பேசும். 112/4B என்று தேடினால் 112/4B என்று எழுதப்பட்ட பதிவுகள் வரும். அந்த 4B உருவானது 2009இல் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய விற்பனையும் அடமானமும் 112/4 என்றோ, வெறும் 112 என்றோ பதிவாகியிருக்கும். உங்கள் தேடலில் அவை வராது. ஆகவே 112, 112/4, 112/4B மூன்றுக்கும் தனித்தனியாகத் தேட வேண்டும். நகரப் பகுதியானால் பழைய கிராமப் புல எண், இப்போதைய நகரளவை எண் இரண்டிலும் தேட வேண்டும். பழைய எண்ணை ‘அ’ பதிவேட்டின் ‘பழைய புல உட்பிரிவு எண்’ பத்தியில் பார்க்கலாம். விற்பவரின் தாய்ப்பத்திரத்தில் சொத்து விவரம் எழுதிய கடைசிப் பக்கத்திலும் இருக்கும்.

இன்னொரு இடறல், கிராமம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருப்பது. மாறிய ஆண்டுக்கு முந்தைய பதிவுகள் பழைய அலுவலகத்தின் பெயரில் கிடக்கும். 30 ஆண்டுக்குத் தேடினேன் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், உண்மையில் 12 ஆண்டுதான் தேடியிருப்பீர்கள். பழைய பத்திரத்தின் பின்பக்க முத்திரையில் எந்த அலுவலகம் என்று இருக்கிறதோ அந்த அலுவலகத்திலும் தேடுங்கள். கணினியில் ஏறாத காலத்துக்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கைமுறையாகத்தான் தேட வேண்டும்.

இசி கையில் வந்ததும் படிக்கும் விதமும் முக்கியம். ஒவ்வொரு பதிவிலும் ஆவண எண்ணும் ஆண்டும், தன்மை, எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், கைமாற்றுத் தொகை, முந்தைய ஆவண எண், விஸ்தீர்ணம், எல்லைகள் இருக்கும். பலரும் பெயர்களை மட்டும் பார்க்கிறார்கள். முதலில் ‘தன்மை’ பத்தியைப் பாருங்கள். அடமானம், உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு என்று எத்தனை இருக்கின்றனவோ, அத்தனைக்கும் ஈடாகப் பின்னால், கடன் அடைந்ததைக் காட்டும் ‘ரசீது’ ஆவணம் பதிவாகியிருக்க வேண்டும். பென்சிலால் ஒவ்வொரு அடமானத்தையும் அதன் ரசீதோடு கோடு போட்டு இணையுங்கள். இணையாமல் ஒன்று நின்றால், கடன் அடைந்தது என்று விற்பவர் வாயால் சொல்வது போதாது. வங்கியிலிருந்து கடன் தீர்வுக் கடிதம் வாங்கி, ரசீது ஆவணத்தைப் பதிந்து கொடுத்த பிறகுதான் முன்பணம்.

அடுத்து ‘முந்தைய ஆவண எண்’. 2016 விற்பனையில் முந்தைய ஆவணம் 1182/1994 என்று இருந்தால், அந்த 1182/1994 உங்கள் இசியில் இருக்கிறதா? இல்லையென்றால் அது வேறு புல எண்ணில் அல்லது வேறு அலுவலகத்தில் இருக்கிறது. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. அதன் நகலை வாங்கிப் படிக்க நீங்கள் விற்பவரின் அனுமதியைக் கேட்க வேண்டியதில்லை. 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி, அசையாச் சொத்து ஆவணங்கள் பதிவாகும் 1ஆம் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம், நகலும் பெறலாம்.

இசியில் வராதவை எவை? உயில் 3ஆம் புத்தகத்தில் பதிவாகும், இசியில் வராது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோ தவிர வேறு யாருக்கும் நகல் கிடைக்காது. வாய்மொழிப் பாகப்பிரிவினை எங்கும் பதிவாகாது. நிலுவையில் உள்ள வழக்கும் தானாக வந்து ஏறாது. அதை நீதிமன்றங்களின் இணையத் தேடலில் விற்பவர் பெயரை வைத்துத் தனியாகப் பார்க்க வேண்டும். பத்திரத்தைப் பதியாமல் வெறுமனே ஒப்படைத்து வாங்கிய தனியார் கடனும் வராது. அதனால்தான் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் வாங்கக் கூடாது என்கிறோம். நகல் மட்டும் காட்டி, ‘மூலம் அண்ணனிடம் இருக்கிறது’ என்று சொல்லும் இடத்தில் அவசரப்படாதீர்கள்.

பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பை வெட்டி என் பக்கம் தள்ளிவிட்டார். எஃப்.எம்.பி. (புலப்படம்) எடுத்துப் பார்த்தால் கோடும் புள்ளியுமாக இருக்கிறது. அளவுகோல் வைத்து அளந்து காட்டினேன், ஒத்துக்கொள்ள மறுக்கிறார்.
– கோபிசெட்டிபாளையம் வாசகர்

அளவுகோலை முதலில் ஒதுக்கி வையுங்கள். இணையத்தில் எடுத்த புலப்படம் அச்சிடும்போது தாளுக்கு ஏற்றபடி சுருங்கியோ விரிந்தோ விடும். படத்தின் மூலையில் 1:2000 அல்லது 1:1000 என்று இருந்தாலும் உங்கள் பிரிண்டர் அதைக் காப்பாற்றியிருக்காது. படத்தில் எழுதியிருக்கும் எண்களை மட்டும் நம்புங்கள். அவை மீட்டரில் இருக்கும். மிகப் பழைய கையெழுத்துப் பிரதியானால் லிங்க்ஸ் கணக்காக இருக்கலாம். 100 லிங்க்ஸ் சேர்ந்தது ஒரு சங்கிலி, 66 அடி.

புலத்தின் உள்ளே மூலைக்கு மூலை போகும் விட்டுவிட்ட கோடு ஜி லைன். அது வரப்பு இல்லை, அளப்பதற்கான அடிக்கோடு. அதன்மேல் 34.2 என்று ஓர் இடத்திலும், அங்கிருந்து பக்கவாட்டில் 6.8 என்றும் எழுதியிருந்தால், ஜி லைன் தொடங்கும் கல்லிலிருந்து 34.2 மீட்டர் நடந்து, அங்கே செங்குத்தாகத் திரும்பி 6.8 மீட்டர் போனால் எல்லை வளைகிற புள்ளி கிடைக்கும் என்று பொருள். படத்துக்கு வெளியே சுற்றிலும் எழுதியிருப்பவை பக்கத்துப் புல எண்கள். அவற்றை வைத்துப் படத்தைத் திசை திருப்பிப் பிடித்துக்கொள்ளலாம்.

எல்லாம் தொடங்குவது மூலைக் கல்லிலிருந்து. கல் பெயர்ந்திருந்தால் நீங்கள் எவ்வளவு சரியாக அளந்தாலும் முழுப் படமும் நகர்ந்துவிடும். தனியார் சர்வேயரை வைத்து அளந்த கணக்கை எதிர்த் தரப்பு மறுப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். நில அளவைத் துறைக்கு இணையவழியிலோ இ-சேவை மையத்திலோ அத்து (எல்லை) காட்டக் கேட்டு விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்துங்கள். அளவர் அசையாத மூன்று கல்லைப் பிடித்து, பக்கத்துப் புலங்களின் படத்தோடு ஒப்பிட்டுக் காணாத கல்லின் இடத்தைக் கண்டுபிடிப்பார். பக்கத்துக்காரருக்கும் அறிவிப்புப் போயிருக்க வேண்டும், அவர் முன்னிலையில் அளக்க வேண்டும். அறிவிப்பு இல்லாமல் அளந்தால் பிறகு அதைத் தள்ளிவிடுவார்கள்.

உங்கள் பட்டாவில் 3B2 என்றிருந்து, படத்தில் 3B வரைதான் பிரிந்திருந்தால், உட்பிரிவு காகிதத்தில் ஆகியும் படத்தில் ஏறவில்லை என்று அர்த்தம். அத்து காட்டச் சொல்வதற்கு முன் உட்பிரிவு ஏற்றத்துக்கு மனுக் கொடுங்கள்.

வாய்க்கால் ஓரம் 40 வருடமாகக் குடியிருக்கிறோம். வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு, பி-மெமோ ரசீதுகள் எல்லாம் இருக்கின்றன. இவற்றை வைத்துப் பட்டா கிடைக்குமா?
– மன்னார்குடி வாசகி

பி-மெமோ ரசீதைப் பலர் நில உரிமைக்கான சான்று என்று நம்பிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, அரசு நிலத்தில் இருப்பவருக்குத் தண்டத் தீர்வை விதிக்கும் குறிப்புதான் பி-மெமோ. இத்தனை ஆண்டு இங்கே இருந்தீர்கள் என்பதற்கு அது சான்று, கூடவே இது அரசு நிலம் என்பதற்கும் சான்று. வீட்டுவரி கட்டடத்துக்குப் போடுவது, அடிமனை யாருடையது என்று ஊராட்சி தீர்மானிப்பதில்லை.

எல்லாம் ‘அ’ பதிவேட்டில் அந்த நிலத்தின் வகைப்பாட்டில் இருக்கிறது. கிராம நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) என்று இருந்தால் நத்தம் பட்டாவுக்கு வழி உண்டு. ஆட்சேபணையற்ற புறம்போக்கு என்றால் நீண்டகாலக் குடியிருப்பை வரன்முறைப்படுத்தும் ஆணைகளின்கீழ் மனுச் செய்யலாம். வாய்க்கால், குளம், ஏரி, சாலை, மேய்க்கால் என்றிருந்தால் அவை ஆட்சேபகரமான புறம்போக்கு. நீர்வழியில் பட்டா கிடைக்காது. வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். அந்த நிலையில் வைக்க வேண்டிய கோரிக்கை மாற்று இடத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா. அந்த மனுவில்தான் உங்கள் பி-மெமோக்களும் மின் இணைப்பு நாளும் குடும்ப அட்டை முகவரியும் 40 ஆண்டு இருப்பை நிரூபிக்கப் பயன்படும். ஆகவே தூக்கிப் போடாமல் வரிசையாக அடுக்கி வையுங்கள்.

அடங்கலில் (பயிர்ப் பதிவேட்டில்) ‘பசலி 1434’ என்று இருக்கிறது. எந்த வருடம்?
– சீர்காழி வாசகர்

பசலி என்பது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு. பசலி 1434 என்றால் 2024 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரை. பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பயிர்க் காப்பீட்டுக்கும் கூட்டுறவுப் பயிர்க் கடனுக்கும் அந்தந்தப் பசலியின் அடங்கல்தான் செல்லும், போன வருடத்தது செல்லாது. நெல் நட்ட வயலுக்கு ‘தரிசு’ என்று இருந்தால் நாற்று வயலில் நிற்கும்போதே வி.ஏ.ஓ.விடம் போய்த் திருத்துங்கள். அறுத்த பிறகு எதைக் காட்டுவீர்கள்? குத்தகைக்கு உழுகிறவர்கள் சாகுபடி செய்பவர் பத்தியில் தங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு போகத்திலும் பார்ப்பது நல்லது.

மகளுக்கு 9 வயது. பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பத்தி காலியாக இருக்கிறது. நாங்கள் இருக்கும் நகராட்சியில் கேட்டால் எங்களிடம் பதிவே இல்லை என்கிறார்கள்.
– ஓசூர் வாசகர்

பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். தலைப்பிரசவத்துக்கு உங்கள் மனைவி தாய்வீடு போயிருந்தால், அந்த ஊர் மருத்துவமனை எந்த உள்ளாட்சிக்குள் வருகிறதோ அந்தப் பதிவாளரிடம் பதிவு இருக்கும். சான்றிதழின் மேல்பகுதியில் அலுவலகத்தின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும், பாருங்கள்.

ஓர் ஆண்டுக்குள் என்றால் பெயரைக் கட்டணமின்றி ஏற்றலாம். அதன்பின் 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு ஏற்றலாம். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் தள்ளாதீர்கள். பள்ளிப் பதிவில் உள்ள அதே எழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுங்கள். ஏறிய பெயரைப் பிடிக்கவில்லை என்று பிறகு மாற்றும் வசதி இந்தப் பதிவேட்டில் இல்லை. எழுத்துப் பிழை திருத்தம் மட்டுமே உண்டு, அதுவும் பழைய எழுத்தை அழிக்காமல் ஓரத்தில் குறித்துச் செய்வார்கள்.

அப்பா 1978இல் கிராமத்தில் இறந்தார். இப்போது பட்டா மாற்ற இறப்புச் சான்று கேட்கிறார்கள். இணையத்தில் இல்லை.
– பரமக்குடி வாசகி

இணையத்தில் இல்லாததால் பதிவே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். கிராமங்களின் பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். அங்கே தேடச் சொல்லி மனுக் கொடுங்கள். சரியான நாள் தெரியாவிட்டால் பங்குனித் திருவிழாவுக்கு முன், தம்பி பிறந்த வருடம் என்று ஏதாவது அடையாளம் வைத்துக் காலத்தைக் குறுக்கி, 1977 முதல் 1979 வரை மூன்று ஆண்டுக்குத் தேடக் கேளுங்கள். உண்மையாகவே பதிவு இல்லையென்றால் ‘பதிவு இல்லை’ என்ற சான்றை வாங்கிக்கொண்டு, ஓராண்டுக்கு மேல் தாமதமான பதிவு என்ற முறையில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே விசாரணை நடக்கும். அப்பாவை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே செய்துவிடுங்கள். சான்றிதழில் இறப்பின் காரணம் இருக்காது. 1969ஆம் ஆண்டுச் சட்டமே அதை வெளியிடக் கூடாது என்கிறது. காரணம் எழுதவில்லை என்று திருப்பி அனுப்புபவரிடம் அதைச் சொல்லுங்கள்.

பட்டா மாறுதல் மனு ‘நிராகரிக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. ஏன் நிராகரித்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். ‘விளக்கம் தர இயலாது’ என்று பதில். இனி என்ன செய்வது?
– விழுப்புரம் வாசகர்

‘ஏன்’ என்று கேட்டதுதான் இடறியது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிடைப்பது அலுவலகத்தில் இருக்கும் பதிவு. விளக்கம் எழுதித் தரச் சொன்னால் மறுக்க இடம் கிடைக்கிறது. அதே விஷயத்தை ஆவணமாகக் கேளுங்கள். மாதிரிக்கு:

“பட்டா மாறுதல் மனு எண் ______, நாள் ______ மீதான கோப்பில் உள்ள குறிப்புப் பக்கங்கள், கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, நில அளவரின் அறிக்கை, நிராகரிப்பு ஆணை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் தேவை. நகல் எடுக்கும் முன் கோப்பை நேரில் பார்வையிட நாளும் நேரமும் குறித்துத் தரவும்.”

இதில் எதற்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பொதுத் தகவல் அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம் என்று முகவரியிட்டு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பார்வையிடுவதற்கு முதல் ஒரு மணி நேரம் இலவசம். முடிந்தால் கட்டாயம் போய்ப் பாருங்கள். எந்தப் பக்கம் வேண்டும் என்று நீங்களே குறித்துக் கொடுத்தால் தேவையற்ற 60 பக்கத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருக்காது. கோப்பு வேறு அலுவலகத்தில் இருந்தால் 5 நாளுக்குள் உங்கள் மனுவை அங்கே மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை, உங்களை அலைய விடக் கூடாது.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். இதற்குத் தமிழ்நாட்டில் கட்டணம் இல்லை. அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. காலக்கெடு தாண்டிய பிறகு கொடுக்கும் நகல்களுக்குப் பணம் வாங்கக் கூடாது என்று 7(6) பிரிவு சொல்கிறது. கேட்டால் அந்தப் பிரிவை எழுதிக் காட்டுங்கள்.

நகல்கள் கைக்கு வந்ததும் அளவர் அறிக்கையை முதலில் படியுங்கள். விற்றவரின் பெயர் பட்டாவில் இல்லாதது, பத்திரத்தின் பரப்பு உட்பிரிவின் மீதிப் பரப்பைவிடக் கூடுதலாக இருப்பது, கூட்டுப் பட்டாவில் மற்ற பங்குதாரர் ஆட்சேபித்தது என்று பெரும்பாலும் இவற்றில் ஒன்று இருக்கும். முதலாவது என்றால், விற்றவருக்கு நிலம் வந்த வழியைக் காட்டும் பத்திரமோ வாரிசுச் சான்றோ இணைத்துப் புதிதாக மனுக் கொடுத்தாலே போதும். மூன்றாவது என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். நிராகரிப்பு ஆணை கிடைத்த நாளை உறையின் மேலேயே எழுதி, உறையைக் கிழித்துப் போடாமல் ஆணையோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். மேல்முறையீட்டுக்கான காலக்கெடு அந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும்.